‘ஈகோ’ முத்திரையும் வீட்டுக் கணக்கும்

சோப்புத் தூள், பிளாஸ்டிக் பை, மோட்டார் கார் — எதை எடுத்தாலும் இன்று ‘ஈகோ’ என்ற முத்திரை. அகந்தையைச் சொல்லும் லத்தீன் ‘ஈகோ’ வேறு. (முதலாளிகளுக்கு அதுவும் பொருந்தும் என்பது தனி விஷயம்.) இந்த ‘ஈகோ’, கிரேக்க மொழியின் ‘ஓய்கோஸ்’ என்ற சொல்லின் குட்டி. பொருள்: வீடு, குடும்பம்.

வீட்டை நிர்வகிப்பது ‘ஓய்கோனோமியா’. பொருளாதாரத்தைக் குறிக்கும் ‘எகானமி’ பிறந்தது அங்கேதான். ஆனால் யாருடைய வீடு? இதைப்பற்றித் தனி நூலே எழுதிய செனபோன், மனைவிக்கு வேலை பழக்குவதையும் அடிமைகளிடம் வேலை வாங்குவதையும் சேர்த்தே பேசுகிறார். அரிஸ்டாட்டிலோ அடிமையை உயிருள்ள கருவி என்று எழுதினார். ஆண்டை வீட்டுக் கணக்கு அது! அதைப் பொற்காலம் என்று பாட நாம் தயாரில்லை.

ஆயினும் அதே அரிஸ்டாட்டில் ஒரு கோடு கிழித்தார். வீட்டின் தேவைக்குப் பொருள் தேடுவது ஓய்கோனோமியா. அதற்கு எல்லை உண்டு. பணத்துக்காகவே பணம் குவிப்பது ‘கிரெமாட்டிஸ்டிகே’; அதற்கு எல்லையே கிடையாது. வட்டித் தொழிலை அவர் அடியோடு வெறுத்தார். இந்த வேறுபாட்டை மார்க்ஸ் ‘மூலதன’த்தில் எடுத்துக்காட்டுகிறார். பிறகு நடந்தது என்ன? எல்லையற்ற பணவேட்டையே ‘எகானமி’ என்ற கௌரவப் பெயரைச் சூட்டிக்கொண்டது. சிக்கனம் என்ற பொருளும் அதில் வந்து ஏறியது. யாருக்குச் சிக்கனம்? சொல் பிறந்த கிரீஸ் நாட்டிலேயே, 2010 முதல், கடன் கொடுத்தவர்களின் கட்டளைப்படி கிழவர்களின் ஓய்வூதியத்தை வெட்டினார்கள். 2015 ஜூலை 5-ம் தேதி வாக்களித்தவர்களில் 61 சதவீதம் பேர் அந்த நிபந்தனைகள் வேண்டாம் என்றார்கள். அதே மாதத்தில் புதிய வெட்டுகளுக்குச் சம்மதிக்க வைத்தார்கள். இதுவா வீட்டு நிர்வாகம்?

1866-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெக்கல் ‘எக்காலஜி’ என்ற சொல்லை உண்டாக்கினார். காடும் மீனும் புழு பூச்சியும் அந்த வீட்டுக்குள் வந்தன. அடிமைக்கு இடமில்லாத சொல்லில் மண்புழுவுக்கும் இடம் கிடைத்தது, நல்லதுதான். அந்தப் பொருளைத்தான் இன்று வெட்டியெடுத்து டப்பாவில் ஒட்டி விற்கிறார்கள். ஐரோப்பியக் கமிஷன் 2020-ல் ஆராய்ந்த இத்தகைய விளம்பரங்களில் 53 சதவீதம் தெளிவற்றவை, ஏமாற்றுபவை அல்லது ஆதாரமற்றவை! 2024-ல் ஐரோப்பிய யூனியன் இதற்கு எதிராகச் சட்டமும் செய்தது. முத்திரையைத் தடுக்கும் சட்டம் ஆலைப் புகையைத் தடுத்துவிடுமா? டப்பாவை நீட்டும் வியாபாரியிடம் நாம் கேட்கிறோம்: உங்கள் ஆலையின் கழிவுநீர் எந்த வாய்க்காலில் விழுகிறது?