பிரேக் பேட்: வீட்டிலேயே மாத்தினா காசு மிச்சமா?

சர்வீஸ் பில்லில் பேட் விலையைவிட லேபர் சார்ஜ்தான் பலருக்கு உறுத்துது. 'வீலைக் கழட்டு, ரெண்டு போல்ட்டைத் திருகு, வேலை முடிஞ்சுது' என்கிறது யூடியூப். பொய் இல்லை. முன் சக்கர டிஸ்க் பிரேக்கில் பேட் மாற்றுவது கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். ஆனால் வீடியோ வேகமாகத் தாண்டிப்போகும் இடங்களில்தான் ஆபத்து.

காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் தொடவே கூடாது. புது பேட் பொருத்த காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளுவோம் இல்லையா? அதனால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. பெடல் கெட்டியாகும்வரை பம்ப் செய்யாமல் வண்டியை நகர்த்தினால், எதிர் வீட்டு காம்பவுண்ட் சுவர்தான் நிறுத்தும்.

பிரேக் ஆயில் லைன்? அங்கே கை வைக்க வேண்டாம். காற்று புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி ஆகிடும். இந்தியாவில் 2019 ஏப்ரலில் இருந்து புது கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அதில் சில மாடல்களில் காற்றை முழுசா வெளியேற்ற ஸ்கேனர் தேவை.

நிஜமான மிச்சம் வேற இடத்தில் இருக்கு. 'கீச்' சத்தத்தைக் கண்டுக்காமல் ஓட்டினால், தேய்ந்த பேட்டின் இரும்பு டிஸ்கை அறுத்து, டிஸ்கையும் மாற்ற வேண்டி வரும். அலாய் வீல் இடைவெளியில் அவ்வப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். (உள்பக்க பேட் சரியாகத் தெரியாது, டயர் கழற்றும்போது அதையும் பார்த்துடுங்க.) 3 மி.மீ. அளவுக்கு இறங்கியிருந்தால், நல்ல பேட்டாக நீங்களே வாங்கிட்டுப் போய், தெரிந்த மெக்கானிக்கிடம் கூலி மட்டும் கொடுங்க. மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை.