தூத்துக்குடிக்கு எப்போது வரலாம்?

எங்கள் பக்கம் "சீசன் எப்படி இருக்கு?" என்று ஒருவர் கேட்டால் அது குற்றாலத்தைப் பற்றிய கேள்வி. ஜூனில் சாரல் தொடங்கிவிட்டதா, ஐந்தருவியில் குளிக்க விடுகிறார்களா, அவ்வளவுதான். தூத்துக்குடிக்கென்று ஒரு சீசன் இருப்பதாகத் தூத்துக்குடிக்காரர்களே நினைப்பதில்லை. துறைமுகத்துக்கும் உப்புக் கம்பெனிக்கும் வேலையாக வருகிறவர்கள் வருவார்கள், போகும்போது அரை கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு போவார்கள். (கால் கிலோ வாங்கினால் ரயில் கோவில்பட்டி தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும்.)

இப்போது கொஞ்சம் நிலைமை மாறியிருக்கிறது. 2025 ஜூலையில் விமான நிலையத்தின் புதிய முனையம் திறந்ததிலிருந்து, வெளியூர் நண்பர்கள் சிலர் "கடல் பார்க்க வரணும், எந்த மாசம் நல்லாயிருக்கும்?" என்று கேட்கிறார்கள். இணையத்தில் தேடினால் எங்கு பார்த்தாலும் ஒரே பதில்தான்: அக்டோபர் முதல் மார்ச் வரை. சென்னைக்கும் அதே பதில், மதுரைக்கும் அதே, கன்னியாகுமரிக்கும் அதே. ஒரு ஊருக்கு எழுதியதை எல்லா ஊருக்கும் ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் கரையைப் பொறுத்தவரை அந்தப் பதிலில் பாதி தப்பு. அதுவும் சும்மா தப்பில்லை, வந்தவரை மாட்டிவிடுகிற தப்பு.

ஏன் என்று சொல்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே இறக்கி வைத்துக்கொள்ளும். குற்றாலம் வரைக்கும் சாரல் வரும், எங்களுக்கு வெறும் காற்றுதான். எங்களுக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் இந்த மூன்று மாதத்தில்தான் ஆண்டு மழையில் பெரும்பங்கு கொட்டும். உப்பளங்களில் அப்போது வேலை இருக்காது. அதற்காகவே உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அரசாங்கமே 'இந்த மாதங்களில் இங்கே பிழைப்பு நடக்காது' என்று கணக்கெழுதும் காலத்தை, சுற்றுலாவுக்கு உகந்த காலம் என்று எழுதி வைத்தால் என்ன சொல்வது?

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை புரண்டது, ரோடுகள் அறுந்து போயின, நகரத்துக்குள்ளேயே பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. கொஞ்சம் பேரை முதலில் வெளியேற்றினார்கள். மீதிப் பேர் இரண்டு நாள் அங்கேயே கிடந்தார்கள். பக்கத்து ஊர் மக்கள் இருந்ததைச் சமைத்துப் போட்டார்கள், ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது. 'அக்டோபர் முதல் மார்ச் வரை' என்று எழுதிய கணக்குப்படி அதுவும் 'உகந்த காலம்'தான்!

இப்படி ஒரு பதில் எப்படி உருவாகிறது என்று பார்த்தால், சீசன் என்பதைப் பல நேரம் ஊர் தீர்மானிப்பதில்லை, வருகிறவன் தீர்மானிக்கிறான். கரீபியன் தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உச்ச சீசன் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. அங்கே அது மழை குறைந்த காலம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அப்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் பனி கொட்டும், காசுள்ளவர்கள் வெயிலைத் தேடிக் கிளம்புவார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். அந்த மாதங்களில் அறை வாடகை இறங்கும். காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது சுலபமாகப் புரியும். ஹோட்டல் அறை என்பது மீன் மாதிரி, இன்றைக்கு விற்காததை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது. அதனால் விலையைக் குறைத்தாவது தள்ளிவிடுவார்கள். ஆனால் அந்தத் தள்ளுபடி இலவசமாக வரவில்லை, புயல் வந்தால் மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்கு உங்களுக்குத் தரும் கூலி அது. 2025 அக்டோபர் 28ஆம் தேதி மெலிசா புயல் ஜமைக்காவைத் தாக்கியபோது விமான நிலையங்களை மூடிவிட்டார்கள், தீவுக்குள் இருந்த சுற்றுலாப் பயணிகளும் சிக்கிக்கொண்டார்கள்.

எங்கள் கதை அதைவிட மோசம். ஐப்பசியில் கந்த சஷ்டி. சூரசம்ஹாரம் பார்க்கத் திருச்செந்தூருக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். ஆக, மழையும் அப்போதுதான், அறை வாடகை ஏறுவதும் அப்போதுதான். ஜமைக்காவிலாவது ஆபத்துக்குக் கூலி உண்டு, இங்கே ஆபத்தையும் சுமந்து கூடுதல் பணமும் கொடுக்க வேண்டும். ஆனால் ஆறு நாள் விரதம் இருக்கிறவரிடம் போய் "பிப்ரவரியில வாங்கண்ணாச்சி" என்று சொல்ல முடியுமா? அவர்களுக்கு முருகன்தான் தேதி குறிக்கிறான். நான் பேசுவது, தேதியைத் தானே தேர்ந்தெடுக்கக் கூடியவர்களுக்கு.

இந்தக் கடலுக்கு எது நல்ல நேரம் என்று உண்மையிலேயே மண்டையை உடைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தவர்கள் முத்துக் குளிக்க வந்தவர்கள்தான். முத்துக் குளிப்பு வருடா வருடம் நடந்த காரியம் இல்லை. கடலுக்கடியில் இருக்கும் பார்களைச் சோதித்து, மாதிரிக்குச் சிப்பி எடுத்து, தேறுமா என்று பார்த்த பிறகே தேதி அறிவிப்பார்கள். தேறாவிட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். அறிவித்தால் பெரும்பாலும் மார்ச்சிலிருந்து மேக்குள். ஒரு பருவக்காற்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முந்திய இடைவெளி அது. அலை அடங்கியிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், மூச்சை அடக்கி இறங்குகிறவனுக்கு அடி தெரியும். படகுகள், வியாபாரிகள், சுறா கிட்டே வராமல் மந்திரம் சொல்லக் 'கடல்கட்டி' என்று ஒருவர், எல்லோரும் அந்தச் சில வாரத்துக்காகக் கூடுவார்கள். மந்திரத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இத்தனை பேர் பணத்தையும் உயிரையும் வைத்துக் குறித்த காலத்தை நான் நம்புகிறேன். தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961இல் நடந்தது. கடல் அடங்கும் காலம் மட்டும் இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான்.

அப்படியென்றால் ஏப்ரல், மேயில் வரலாமா? பள்ளி விடுமுறை என்பதால் நம் ஆட்கள் குடும்பத்தோடு கிளம்புவதும் அப்போதுதான். குளிக்கிறவன் தண்ணீருக்குள் இருந்தான், நீங்கள் கரையில் அல்லவா நிற்கப் போகிறீர்கள்! வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து அரை மணியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மீன் சாப்பிடும் ஆசையில் வருகிறவர்களுக்கு இன்னொரு சேதி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வருவதுதான் மீன், சீலா விலையைக் கேட்டால் பேசாமல் சாம்பாரே போதும் என்று தோன்றும். பவளப் பாறைகளுக்கும் அது கெட்ட நேரம். கடல் சூடாகி அவை வெளுத்துப் போவது இந்த மாதங்களில்தான், 2016இல் அது கடுமையாக நடந்தது. அந்தக் காலத்துக்கு ஒரே ஒரு நல்ல விஷயம் பதநீர்.

தீவு என்றதும் கரீபியன் போஸ்டர் மாதிரி கற்பனை வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் 21 தீவுகள், எங்கள் ஊருக்கு நேரே வான் தீவு, காசுவாரி எல்லாம் அதில் சேர்த்தி. ஆனால் அங்கே இறங்க அனுமதி கிடையாது, அது நியாயமும்கூட. நாம் போகக்கூடியது துறைமுகத்துப் பக்கம் ரோடு வழியாகவே போய்விடக்கூடிய முயல் தீவு. (மண்டபம் பக்கம் இருக்கும் முசல் தீவு வேறு, பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) காணும் பொங்கலன்று முயல் தீவில் கால் வைக்க இடம் இருக்காது. ஊரே சோற்றுப் பானையோடு அங்கேதான் இருக்கும்.

என் பதில் இதுதான்: பொங்கல் முடிந்த மறுவாரத்திலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. குறிப்பாகப் பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, கடல் அடங்க ஆரம்பித்திருக்கும், விசைப்படகுகள் ஓடும், மீன் வாங்குகிற விலையில் இருக்கும். மழையில் கரைந்த பாத்திகளைச் சரி செய்து உப்பளங்கள் மறுபடி வேலை தொடங்கும் நேரமும் அதுதான். ஒரு நாள் மணப்பாடு, ஒரு நாள் திருச்செந்தூர், ஒரு மாலை முயல் தீவு, மூன்று நாள் போதும்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். ஜூலை 26இல் பனிமய மாதா கோயிலில் கொடியேறும், ஆகஸ்ட் 5 திருவிழா. வானிலையை மட்டும் பார்த்தால் வரவே கூடாத காலம். கச்சான் காற்று மண்ணை வாரி மூஞ்சியில் அடிக்கும், கயத்தாறு காற்றாலைகள் சுற்றோ சுற்றென்று சுற்றும், கடலுக்குப் போகாதே என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். ஆனாலும் அந்தப் பத்து நாளில் ஊர் இருக்கிற இருப்பு வேறு எந்த மாதத்திலும் கிடையாது. எந்த மதம், எந்தத் தெரு என்றில்லாமல் எல்லோரும் கோயில் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பார்படோஸ் தீவிலும் 'கிராப் ஓவர்' என்ற பெரிய திருவிழா புயல் காலத்துக்கு நடுவே, ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமைதான் உச்சத்துக்கு வருகிறது. ஊரைப் பார்க்க வருகிறவர் ஆகஸ்டில் வரட்டும், கடலைப் பார்க்க வருகிறவர் பிப்ரவரியில் வரட்டும்.

ஒரு நடைமுறை விஷயம். ரயிலில் 60 நாள் முன்னாலிருந்துதான் முன்பதிவு. பிப்ரவரிக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் இடம் வேண்டுமென்றால் டிசம்பரிலேயே டிக்கெட் போட வேண்டும். அப்போது இங்கே மழை அடித்துக்கொண்டிருக்கும், செய்தியில் தண்ணீர் தேங்கிய தெருவைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துப் பயந்து கேன்சல் பண்ணிவிடாதீர்கள்.