தோளிலே துண்டு; தறியிலே யார்?

"கைத்தறி வாங்குவீர்!" என்று முழங்காத வாய் இல்லை இன்று. மாளிகையிலே பேசுகிறார்கள், மண்டபத்திலே பேசுகிறார்கள், ஆகஸ்ட் 7 வந்துவிட்டால் ஆளவந்தார்களும் பேசுகிறார்கள். 1905-ல் சுதேசிக் கிளர்ச்சி எழுந்த நாள் என்று கூறி, 2015 முதற்கொண்டு அந்நாளைத் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகின்றனர். மாலை உண்டு, மேளம் உண்டு, மேடை ஏறியவருக்கெல்லாம் பொன்னாடை உண்டு! அந்தப் பொன்னாடை எந்தத் தறியிலே பிறந்தது? தொட்டுப் பார்த்தால் அல்லவா தெரியும்! விரலுக்கு வழவழக்கும், விளக்கொளியிலே பளபளக்கும், வியர்வையை மட்டும் உறிஞ்சாது. பெயர்தான் பொன்னாடை, பிறவி பாலியெஸ்டர்!

பிறர் மேடை கிடக்கட்டும். நம் தோளைப் பார்ப்போம், தோழர்களே!

தோளிலே துண்டு போடுகிறோமே, அது வெறும் துணியா? ஆண்டையைக் கண்டதும் தோள்துண்டை எடுத்துக் கக்கத்திலே இடுக்கு, இடுப்பிலே கட்டு என்று ஆணையிட்ட நாடு இது. எடுக்கமாட்டோம் என்று நிமிர்ந்த தோள்களிலே கிடந்தது அந்தத் துண்டு. தன்மானத்தின் அடையாளம் என்கிறோம் அதனை. சொல்ல உரிமையும் இருக்கிறது நமக்கு. நம் தோளுக்கு மானம் தந்த அந்தத் துண்டை நெய்தவனுக்கும், நெய்தவளுக்கும் அரைவயிற்றுக் கஞ்சிக்குமேல் ஏதேனும் கிடைத்ததா? இந்தக் கேள்வியைத்தான் இன்று எழுப்புகிறோம்.

நாமாகச் சொல்லும் கணக்கு அன்று; டில்லி அரசாங்கமே எடுத்த கணக்கு. 2019-20-ல் நடந்த நான்காவது அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி கைத்தறித் தொழிலாளர் 35.22 இலட்சம் பேர். அதற்கு முந்தைய கணக்கில், 2009-10-ல், 43.31 இலட்சம். பத்தே ஆண்டுகளில் எட்டு இலட்சம் பேர் தறியை விட்டு இறங்கிவிட்டார்கள்! தறியிலேயே தங்கிவிட்டவர் நிலை என்ன? நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குத் திங்கள் வருவாய் 5,000 ரூபாய்க்கும் குறைவு. ஓர் ஆளுக்கு அன்று, ஒரு குடும்பத்துக்கு! கொத்து வேலைக்குச் செல்லும் நம் தோழர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அந்தத் தொழிலாளரில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். இது பலருக்குத் தெரியாது. தறிக்குழியிலே கால் வைத்து அமர்ந்திருப்பவனைத்தான் படம் பிடிக்கிறார்கள். விடியுமுன் எழுந்து தார் சுற்றியவள், அறுந்த இழையைத் தேடிப் பிணைத்தவள், பாவுக்குக் கஞ்சி போடத் தெருவுக்கு வந்தவள், படத்திலே இல்லை. பல வீடுகளில் கூலிக் கணக்கிலேயும் இல்லை. கூலி துணிக்கு உண்டு. துணிக்குள்ளே புதைந்த அவள் உழைப்புக்குத் தனியே ஒரு காசு இல்லை.

இனி நகரத்துக் கடைக்குள் நுழைவோம். இப்போது புதுவகைக் கடைகள் கிளம்பியிருக்கின்றன. குளிரூட்டிய கூடம், மெல்லிய இசை, மூலையிலே மண்பானையில் ஒரு செடி. சேலையின் முனையிலே அழகான அட்டை: 'கைவினைஞரின் அன்புக் கரங்களால் அறநெறிப்படி ஆக்கப்பட்டது.' விலை? 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்கப் போகிறவர் கேட்கட்டும்:

"நெய்தவர் யாருங்க?"

"காஞ்சிபுரத்துக் கைவினைஞர், சார்."

"எந்தத் தெரு? எந்தச் சங்கம்?"

"மொத்த வியாபாரி அனுப்புகிறார், சார்."

"இந்தச் சேலைக்கு அவர் வாங்கிய கூலி எவ்வளவு?"

"அது... மேனேஜரைத்தான் கேட்க வேண்டும், சார்."

மேனேஜர் வெளியூர் போயிருப்பார்!

15,000 ரூபாய் என்றால், நாம் மேலே சொன்ன குடும்பங்களுக்கு மூன்று திங்கள் வருவாய்க்கும் அதிகம். அதிலே தறிக்குப் போனது எவ்வளவு, பட்டு நூலுக்கு எவ்வளவு, ஜரிகைக்கு எவ்வளவு, மண்பானைச் செடிக்கு எவ்வளவு? அறநெறி என்று அட்டையிலே அச்சடித்தவர் இதையும் அச்சடிக்கலாமே! 'கைவினைஞர்' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனியுங்கள். தொழிலாளி என்று சொன்னால் கூலி கேட்பான், சங்கம் சேர்ப்பான். கைவினைஞர் என்று சொல்லிவிட்டால் கைதட்டிவிட்டுப் போய்விடலாம்!

கையால் நெய்தது என்பது ஒன்று. நியாயமாக நெய்தது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவது வணிகனுக்கு வசதி. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். மறுபுறத்துக் கரைக்கு நாடாவைத் தள்ளித்தர நெசவாளியின் பக்கத்திலே இன்னொருவர் அமர வேண்டும். வேலைப்பாட்டுக்கு ஏற்பப் பத்து நாளும் பிடிக்கும், இருபது நாளும் பிடிக்கும். அந்த 'இன்னொருவர்' யார்? நெடுங்காலம் அது சிறுவன், அல்லது சிறுமி! பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பள்ளிக்கூடத்தை மறந்து தறியடியிலே குந்திய பிள்ளை! மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற பன்னாட்டு அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறார் குறித்து 2003-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரமும் அதிலே இடம்பெற்றது. அதற்குப் பிறகு நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், மகிழ்கிறோம். மாறியது எப்படி? கேள்வி கேட்டார்கள், மாறியது. பட்டின் பளபளப்பைப் பாடிக்கொண்டே இருந்திருந்தால் மாறியிருக்குமா?

முத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஏமாறுவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 'சில்க் மார்க்' என்று 2004-ல் வந்தது. அது பட்டு தூய பட்டு என்பதற்கு மட்டுமே சான்று; தறி கைத்தறியா, விசைத்தறியா என்று அது சொல்லாது. 'ஹேண்ட்லூம் மார்க்' என்று 2006-ல் வந்தது. பாவும் ஊடையும் பின்னிக் கனசதுரம் போலத் தோன்றும் படம் அதிலே இருக்கும். அதுதான் கைத்தறிக்குச் சான்று. பட்டுச் சேலை எடுப்பவர் இரண்டையும் கேட்க வேண்டும். புவிசார் குறியீடு ஊரைச் சொல்லும். இந்த மூன்றிலே ஒன்றாவது கூலியைச் சொல்லுமா என்றால், சொல்லாது! கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் 2010-களில் ஒரு நல்ல காரியம் செய்தது; நெய்தவரின் பெயரையும் படத்தையும் சீட்டாக்கிச் சேலையோடு இணைத்தது. 1935-ல் தொடங்கிய அந்தக் கூட்டுறவு நிறுவனத்துக்கு நாம் வைக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்று: பெயருக்கும் படத்துக்கும் கீழே கூலித் தொகையையும் போடுங்கள்!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அழகாக இருக்கிறது. கைத்தறிக்கென்று இரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985-ல் வந்தது. 22 வகைகளை ஒதுக்கினார்கள். எதிர்த்தோர் வழக்குமன்றம் ஏறினர். சட்டம் செல்லும் என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வென்ற மூன்றாம் ஆண்டு, 1996-ல், 22 வகை 11 ஆகச் சுருங்கிற்று! சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, படுக்கை விரிப்பு, ஜமக்காளம் ஆகியவற்றிலே இன்ன இன்ன தன்மையுடையவை கைத்தறிக்கே உரியவை என்பது இன்றும் உள்ள சட்டம். மீறினால் ஆறு திங்கள் வரை சிறை, தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை தண்டம் என்று சட்டம் வந்தபோது விதித்தார்கள். 1985-ல் 5,000 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு அது விசைத்தறி முதலாளியின் ஒரு நாள் சில்லறைச் செலவு. போதாக்குறைக்கு, 2017 ஜூலை 1 முதல் கைத்தறித் துணிக்கும் 5 விழுக்காடு சரக்கு சேவை வரி. அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020 ஜூலையிலே கலைத்தும் விட்டார்கள். நாள் கொண்டாடத் தெரிந்தவர்களுக்கு வாரியம் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை!

பவானிக்குப் போய்ப் பாருங்கள். ஜமக்காளம் என்றால் பவானி. 2005-06-ல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் கடைத்தெருவிலே பவானி ஜமக்காளம் என்ற பெயரோடு சோலாப்பூர் விசைத்தறி விரிப்பு உட்கார்ந்திருக்கிறது. விலை குறைவு, வண்ணம் அதே வண்ணம், பெயர் மட்டும் திருட்டு. காவிரிக்கரை நெசவாளி, தன் ஊர்ப் பெயரோடு தானே போட்டி போட்டுத் தோற்கிறான்!

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவது நம் காதிலே விழுகிறது. "விசைத்தறியிலே நிற்பவனுக்கும் வயிறு உண்டே! பள்ளிப்பாளையத்திலே, சோமனூரிலே, காது செவிடுபடும் இரைச்சலிலே நிற்கிறானே, அவன் தொழிலாளி இல்லையா?" நன்றாகக் கேட்டீர்! அவனும் நம் தோழன்தான். அவன் கூலிக்கும் நாம் கொடி பிடித்தே தீருவோம். விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்று சொல்லி விற்கட்டும், மறுப்பவர் யார்? இரண்டு தொழிலாளிகளையும் மோதவிட்டு, நடுவிலே பெயரை மாற்றி ஒட்டிப் பணம் பண்ணுகிறானே, அவனோடுதான் நம் வழக்கு.

"விலை கட்டுமா?" என்பது அடுத்த கேள்வி. கூலிக்காரன் வீட்டிலே கோர்வைப் பட்டு வாங்கச் சொல்லவில்லை நாம். பட்டு வாங்குகிறவர் வாங்கட்டும், கேள்வி கேட்டு வாங்கட்டும். நமக்கு வேண்டியது துண்டு, லுங்கி, சென்னிமலைப் போர்வை. மலிவு விலைத் துண்டுக்கும் கைத்தறித் துண்டுக்கும் உள்ள வேறுபாடு சில தேநீர்க் காசு. வேர்வையை ஒற்றும், துவைக்கத் துவைக்க மென்மையாகும், நாள் பட உழைக்கும். தனி ஆளாக வாங்க முடியாததையும் கூடி வாங்க முடியும். நம்மிடம் இருப்பது அந்த வலிமைதானே!

1952-53-ல் கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தபோது, நெசவாளர் கஞ்சித்தொட்டி தேடி அலைந்தபோது, அண்ணா அறிக்கை விட்டுவிட்டு அமர்ந்திருக்கவில்லை. துணி மூட்டையைத் தோளிலே சுமந்து தெருவிலே இறங்கினார், கூவி விற்றார். தம்பிமார் ஊர் ஊராய் விற்றனர். அந்த நாட்களிலேதான் ஆலைகள் நெய்யும் வேட்டிக்கு அளவு கட்டினார்கள். ஆலைத் துணிமீது கெஜத்துக்கு 3 பை தீர்வை போட்டுக் கைத்தறிக்கும் கதருக்கும் தரச் சட்டம் செய்தார்கள். தெருவிலே எழுந்த குரல் சட்டமன்றத்துக் கதவையும் தட்டும் என்பதற்கு அது சான்று.

இன்று மூட்டை சுமக்க வேண்டியதில்லை. ஒரு மாவட்ட மாநாடு என்றால் எத்தனை துண்டு, எத்தனை வேட்டி, எத்தனை விரிப்பு, எத்தனை பொன்னாடை! அத்தனையும் கடைசி வாரத்திலே, கிடைத்த கடையிலே, கிடைத்த விலைக்கு ஏன் வாங்க வேண்டும்? மாநாட்டுத் தேதி குறித்த அன்றே நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆணை எழுதுங்கள். மூன்று திங்கள் அவகாசம் தாருங்கள். தறிக்கு அவசரம் தெரியாது. பாதித் தொகையை முன்கூட்டியே கட்டுங்கள். நூல் வாங்கச் சங்கம் கடன் தேட வேண்டாம். விரிப்பு பவானியிலிருந்து வரட்டும். பொன்னாடைக்குப் பதில் கைத்தறித் துண்டு போடுங்கள். போர்த்திக்கொள்பவர் வீட்டிலே அது பரணுக்குப் போகாது, பயன்படும்.

ஆணைக் கடிதத்தின் அடியிலே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: 'நூல் விலை இவ்வளவு, நெசவுக் கூலி இவ்வளவு என்று பிரித்துக் காட்டிப் பட்டியல் அனுப்புக.' பட்டியல் வந்து சேர்ந்ததும் அதைக் கோப்பிலே கட்டி வைக்காமல், படிப்பகத்துச் சுவரிலே, செய்தித்தாள் மேசைக்கு மேலே ஒட்டுங்கள்.