ஊர்ப் பெயரை பென்சிலால் எழுதுங்கள்!



அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பட்டிமன்றம் நடக்கிறதா? பாட்டி ஊர், கொடைக்கானல், மாமல்லபுரம்... எல்லாம் இருக்கட்டும். இந்த வாரம் நாம் ஒரு டூர் போடலாம், வாங்க! ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு பென்சில், ஓர் அட்லஸ். இவ்வளவுதான் செலவு. போகப் போவது நார்வே நாட்டின் வட கோடி. பார்க்கப் போவது திமிங்கலம்!

"என்னது, டிசம்பர் குளிரில் ஆர்க்டிக்கா?" என்று அம்மா அலறுவது இங்கே வரை கேட்கிறது. என்ன செய்வது... அந்தத் திமிங்கலங்கள் அங்கே கூடுவதே குளிர்காலத்தில்தான். அக்டோபர் கடைசியில் வந்தால், ஜனவரி கடைசி வரை இருக்கும். நம்ம அரையாண்டு லீவுக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

அட்லசைத் திறந்து நார்வேயைப் பிடியுங்கள். கடற்கரை ஓரமாகவே விரலை மேலே நகர்த்துங்கள். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியதும் டிராம்சோ என்று ஒரு நகரம் வரும். ஓஸ்லோவில் இருந்து விமானத்தில் சுமார் 2 மணி நேரம். அதற்கும் வடகிழக்கே, ஒரு தீவில், ஷேர்வோய் என்ற மீனவ ஊர் இருக்கிறது. உங்கள் அட்லசில் இல்லாவிட்டால் நீங்களே ஒரு புள்ளி வைத்துக் கொள்ளுங்கள். 70-வது அட்சரேகைக்குப் பக்கத்தில்! (சென்னை 13.) அங்கே வாழ்பவர்கள் 3 ஆயிரம் பேருக்கும் குறைவு. வட துருவத்தை நோக்கிப் போய், பனிக்கட்டிக்குள் மாட்டி, 3 ஆண்டு கழித்துத் தப்பி வந்த 'ஃப்ராம்' கப்பல், 1896 ஆகஸ்டில் நார்வேயில் முதலில் கரை சேர்ந்தது இந்த ஊரில்தான்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அங்கே நவம்பர் கடைசி வாரத்தில் மறையும் சூரியன், ஜனவரி நடுவில்தான் மறுபடி எட்டிப் பார்க்கும்! மதியம் ஒரு சில மணி நேரம் மட்டும், நம்ம ஊரில் விடிவதற்கு முன் இருக்குமே, அதுபோல நீல நிற வெளிச்சம். அதற்குள் படகில் போய்த் திரும்ப வேண்டும். ஆனாலும் கடல் உறைவதில்லை. தெற்கே இருந்து வரும் வெப்ப நீரோட்டம்தான் காரணம்.

சரி, இருட்டிலும் குளிரிலும் திமிங்கலத்துக்கு அங்கே என்ன வேலை? சாப்பாடு!

நம்ம ஊர் மத்தி மீனுக்குத் தூரத்து உறவு ஒன்று உண்டு. பெயர் ஹெர்ரிங். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கும் இடத்தை நார்வேயில் ஃபியோர்டு என்பார்கள். குளிர்காலத்தைக் கழிக்க ஹெர்ரிங் மீன்கள் அங்கே கோடிக்கணக்கில் வந்து ஒண்டுகின்றன. பின்னாலேயே ஓர்க்காக்கள் வருகின்றன. இவற்றை 'கொலைகாரத் திமிங்கலம்' என்று சொல்வார்கள். உண்மையில் டால்பின் குடும்பத்தில் மிகப் பெரியது இதுதான். ஆண் ஓர்க்காவின் முதுகுத் துடுப்பு மட்டும் உங்க அப்பா உயரம் இருக்கும்.

இவை சாப்பிடும் அழகைக் கேளுங்கள். ஒரு குடும்பமே சேர்ந்து மீன் கூட்டத்தைச் சுற்றி வளைக்கும். குமிழி விடும். வெள்ளை வயிற்றைப் பளிச்சென்று காட்டி மிரட்டும். மிரண்ட மீன்கள் நெருங்கி நெருங்கிப் பந்து போல ஆகிவிடும். அந்தப் பந்தின் மேல் வாலால் ஓங்கி ஓர் அடி! மயங்கிய மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாப்பிடும். சில நேரம், இவ்வளவு பாடுபட்டு உருட்டிய பந்தை, கீழே இருந்து கூன்முதுகுத் திமிங்கலம் வாயைப் பிளந்து வந்து ஒரே விழுங்கில் முடித்துவிடும். பந்தி போட்டது ஒருவர், சாப்பிட்டது இன்னொருவர்! அந்தக் கூன்முதுகுகளில் சில இங்கே வயிற்றை நிரப்பிக்கொண்டு, குட்டி போட கரீபியன் கடல் வரை நீந்திப் போகின்றன.

இப்போது நோட்டை எடுங்கள். தேதியைப் பேனாவால் எழுதலாம். ஊர்ப் பெயரை மட்டும் பென்சிலால் எழுதுங்கள்.

ஏன் என்றால், 1990-களில் இந்த ஹெர்ரிங் கூட்டம் ஷேர்வோய் பக்கமே இல்லை. தெற்கே டிஸ்ஃபியோர்டு என்ற இடத்தில் இருந்தது. ஓர்க்கா பார்க்க உலகமே அங்கே போனது. பிறகு ஹெர்ரிங் இடம் மாறியது, ஓர்க்காவும் போய்விட்டது. 2010-களில் சில ஆண்டுகள் டிராம்சோவை ஒட்டிய கடலில் இருந்தன. ஷேர்வோய் பக்கம் வந்தது 2017-ல் இருந்துதான். அடுத்து எங்கே? ஹெர்ரிங்கைத்தான் கேட்க வேண்டும். பயணத்துக்குச் சில வாரம் முன்பு விசாரித்துவிட்டு, அழிரப்பரோடு உட்காருங்கள்.

இடம் மாறினாலும் பரவாயில்லை, மீன் இருந்தால் சரி. 1960-களின் முடிவில் அதுவே இல்லாமல் போனது. பெரிய வலைகளோடு போட்டி போட்டு அள்ளியதில், வடக்கு அட்லான்டிக்கின் மிகப் பெரிய ஹெர்ரிங் கூட்டம் அடியோடு சரிந்தது. மீண்டு வர ஏறக்குறைய 20 ஆண்டு ஆனது! அதற்குப் பிறகும், அந்த மீனைப் பங்கு போடுவதில் நாடுகளுக்குள் ஒத்துவராமல், அறிவியலாளர்கள் சொன்ன அளவைவிடக் கூடுதலாகப் பிடித்த ஆண்டுகள் உண்டு. பெரியவர்களே இப்படிச் சண்டை போட்டால் யார் அதட்டுவது, சொல்லுங்கள்.

அடுத்தது படகு. ரப்பர் படகு வேகமாகப் போகும். ஆனால் நனையும், நடுங்கும். சின்னப் பிள்ளைகளைப் பலரும் அதில் ஏற்றுவதில்லை. நம் திட்டத்தில் அறை உள்ள பெரிய படகு. அதிலும், திமிங்கலம் அருகே வந்ததும் மின்கலத்துக்கு மாறி, சத்தமில்லாமல் நகரும் படகுகள் இருக்கின்றன. அதையே கேளுங்கள். ஓர்க்காக்கள் ஒன்றோடொன்று பேசுவதும், இருட்டில் மீனைக் கண்டுபிடிப்பதும் ஒலியை வைத்துத்தான். நாலு படகு சுற்றி நின்று உறுமினால் அவை எப்படிச் சாப்பிடும்? தண்ணீரில் குதித்துப் பக்கத்தில் போய்ப் பார்க்கும் பயணங்களும் உண்டு. எனக்கு அதில் இஷ்டமில்லை. நாம் சாப்பிடும்போது இலை ஓரமாக யாராவது வந்து உட்கார்ந்து முறைத்தால் பிடிக்குமா?

மீன்பிடிப் படகுகள் வேலை செய்யும் இடத்தில் இருந்தும் தள்ளியே நிற்க வேண்டும். வலை இழுக்கும் சத்தம் கேட்டால் ஓர்க்காக்களே அங்கே ஓடி வந்துவிடும். அங்கே சுற்றுலாப் படகும் நுழைந்தால் மீனவர் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இதே நார்வே, மிங்கே என்ற சிறிய வகைத் திமிங்கலத்தை இன்றும் வேட்டையாடுகிறது. உணவு விடுதிப் பட்டியலில்கூடப் பார்க்கலாம். நம் நோட்டில் அந்த அயிட்டம் இல்லை.

உடைக்கு வருவோம். உள்ளே கம்பளி, நடுவே இன்னொரு கம்பளி, மேலே காற்றும் நீரும் புகாத கோட்டு. பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்பைச் சில்லிட வைத்துவிடும். குமட்டல் வருபவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக் கொள்ளுங்கள். குளிரில் கேமரா பேட்டரி சீக்கிரம் தீரும். கூடுதலாக ஒன்றைச் சட்டைக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் வையுங்கள். முக்கியமாக, ஒரே நாள் திட்டம் போடாதீர்கள். புயல் அடித்தால் படகு கிளம்பாது. நாலு நாளாவது ஒதுக்குங்கள். படகு போகாத ராத்திரி வானம் தெளிந்தால், பச்சை நிறத்தில் துருவ ஒளி ஆடுவதைப் பார்க்கலாம்.

எழுதியாச்சா? கடைசிப் பக்கத்தில் செலவைக் கூட்டுங்கள். உலகிலேயே விலைவாசி மிக அதிகமான நாடுகளில் நார்வேயும் ஒன்று. அதனால் நோட்டை அப்பாவிடம் காட்டும்போது, முதலில் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்துவிட்டுக் காட்டுங்கள்!

அன்புடன்,
ஆசிரியர்