பிப்ரவரி 28-ம் என் பொண்ணோட அரை மார்க்கும்

வருஷா வருஷம் பிப்ரவரி 28 வந்தா போதும், "ராமன் கப்பல்ல போனார், கடல் ஏன் நீலம்னு யோசிச்சார்"னு ஆரம்பிச்சிடறாங்கய்யா. சரி, அப்புறம்? 1928-ல அவரும் கே.எஸ்.கிருஷ்ணனும் சுமார் 60 திரவங்கள்ல சூரிய ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தாங்களே, அதை யாரும் சொல்றதில்லை. சிதறி வந்த ஒளியோட நிறம் மாறியிருந்தது, உள்ளே மூலக்கூறு அதிருதுன்னு அர்த்தம். கதையே அங்கதானே இருக்கு!

எங்க திருப்பாதிரிப்புலியூர் வைகாசித் தேர்க்கூட்டத்துல நின்னிருக்கீங்களா? பக்கத்து ஆள் விலகினாத்தான் நமக்கு ஒரு அடி. திரவத்துக்குள்ள அணுவும் அப்படித்தான். பாடத்துலயோ "தாறுமாறாக ஓடும்"னு ஒரே வரி! "இடிபட்டுத் திரும்பும்"னு எழுதின என் பொண்ணுக்கு அரை மார்க் காலி.

இந்த நெரிசலைப் பார்க்க ஒளி பத்தாது. அதோட அலைநீளம் அணு இடைவெளியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல. நியூட்ரான்தான் வேணும். ட்ராம்பேயில 1985-ல ஓட ஆரம்பிச்ச துருவா உலையில அதுக்குன்னே சிதறல் கருவிகள் வச்சாங்க. (இதை எந்த விழாவுலயாவது கேட்டிருக்கீங்க?)

ஹைதராபாத்துல பொறந்த அனீஸுர் ரஹ்மான், நியூட்ரான் சிதறல் காட்டுற அதே அசைவை 1964-ல கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டார். 864 ஆர்கான் அணுக்கள். கொஞ்ச நேரத்துல அணு இடிபட்டுத் திரும்புது!

நாளைக்கு அந்த அரை மார்க்கைக் கேக்கப் போறேன்.