புள்ளிகளாற் பின்னிய முகம்

நம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவனொருவன் சென்ற மாதம் தன் மடிக்கணினியுடன் நம் இல்லத்துக்கு வந்தான். அவனுடைய அப்பப்பாவின் ஆட்டைத் திவசம் அணுகிக்கொண்டிருந்தது. நினைவு மலர் அச்சிடுவது நம்மவர்க்குப் பழைய வழக்கம். இவனோ அம்மலரை இணையத்தளப் பக்கமாக அமைத்து, கடல் கடந்து வாழும் உறவினரும் காணச் செய்ய விரும்பினான். நல்ல எண்ணமே. ஆயின், பக்கத்தைத் திறந்ததும் திரை நிறையத் தோன்றிய பெரியவரின் முகம் முகமாக இல்லை. மங்கிய சதுரங்களின் கூட்டமாக இருந்தது.

“சேர், இதைத் துலக்கமாக்க வழி உண்டோ?” என்று வினவினான்.

1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அவ்வீட்டுப் படங்கள் யாவும் தொலைந்தன. ரொறன்ரோவில் வாழும் மாமி தம் கைத்தொலைபேசிச் செயலியில் அடையாளப் படமாக இட்டிருந்த சிறு படமொன்றையே அவன் எடுத்து வைத்திருந்தான். அவனுக்கு நாம் அன்று கூறியவற்றையே இவ்வாரம் வாசகர்க்கும் கூறுகின்றோம்.

பன்னோலைப் பாயைக் கண்டிராதார் நம்முள் இலர். சாயமிட்ட ஓலையும் சாயமிடாத ஓலையும் மாறி மாறி வர, தூரத்திற் பூவாகத் தோன்றுவது, குனிந்து நோக்கின் வெறுங் கட்டங்களேயாம். கணினிப் படமும் அத்தகைய பின்னலே. அதன் ஒவ்வொரு கட்டத்தையும் பிக்சல் என்பர். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகள் ஒவ்வொன்றும் அக்கட்டத்தில் எவ்வளவு என்பதை 0 முதல் 255 வரையுள்ள மூன்று எண்கள் குறிக்கும். இம்மூன்றின் சேர்க்கையால் 16,777,216 நிறங்கள் பிறக்கின்றன.

1957 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்திற் கடமையாற்றிய ரசல் கேர்ஷ் என்பார், தம் மூன்று மாத மகனின் நிழற்படத்தைக் கணினிக்குட் செலுத்தினார். நிழற்படமொன்றைக் கணினி ‘வாசித்தது’ அதுவே முதன்முறை. பக்கத்துக்கு 176 கட்டங்களாக, மொத்தம் 30,976 கட்டங்கள். இத்துறையின் முதற்படம் போர்க் கருவியின் படமாக அமையாமற் குழந்தையின் படமாக அமைந்ததில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

நம் மாணவனின் படமோ 150 கட்ட அகலமும் 200 கட்ட உயரமும் கொண்டது. ஆக 30,000 கட்டங்கள். அதனை அவன் அகலத்திலும் உயரத்திலும் பத்து மடங்காக இழுத்திருந்தான். ஒரு கட்டம் இருந்த இடத்தை நூறு கட்டங்கள் நிரப்பவேண்டும். நூறுக்கும் செய்தி எங்கிருந்து வரும்? கணினி அருகிலுள்ள நிறங்களைப் பார்த்து ஒப்பேற்றுகிறது, அவ்வளவே. இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கிய முகத்தையும் பளிங்குபோலாக்கித் தருகின்றனவே எனலாம். அவன் அதையும் முயன்றிருக்கிறான். பளபளக்கும் அம்முகத்தை நெடுநேரம் உற்று நோக்கிய அப்பம்மா, “இது ஆர் தம்பி?” என்று கேட்டாராம். அச்செயலி ஆயிரமாயிரம் பிறர் முகங்களிற் கற்றதைக்கொண்டு ஊகித்து வரைகிறது. இல்லாத கண்ணிமையை அது வரையும்; இருந்த மச்சத்தை அது அறியாது.

அதே பக்கத்தில் இதற்கு மறுதலையான பிழையும் இருந்தது. வீட்டு முற்றத்தின் படம் கைத்தொலைபேசியில் எடுத்தபடியே 4000 க்கு 3000 கட்டங்களாக இருந்தது. பக்கத்தில் அது தோன்றியதோ 400 கட்ட அகலத்தில். காண்பதற்குச் சிறிதாயினும், பார்ப்பவர் அந்த ஒரு கோடியே இருபது இலட்சம் கட்டங்களையும் இறக்கியே தீரவேண்டும். இணையப் பக்கத்துக்குரிய எச்.ரி.எம்.எல். கோப்பினுட் படம் பொதுவாக இருப்பதில்லை. எழுத்தும், ‘இன்ன படத்தை இங்கே வை’ என்னும் கட்டளையுமே உள. உலாவி அக்கட்டளையைக் கண்டு படத்தைத் தனியே சென்று கொணர்கிறது. ஆதலின், பக்கத்திற் சிறிதாகக் காட்டுமாறு எழுதிவிட்டாற் கோப்புச் சிறிதாகாது. படத்தையே 800 க்கு 600 ஆகக் குறைத்துப் பிரதி செய்தல் வேண்டும். கட்டங்கள் இருபத்தைந்தில் ஒரு பங்காகும்.

கோப்பு வகைகளைப் பற்றி ஒரு சொல். 1992 ஆம் ஆண்டு நியமமான ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பகுத்து, கண் எளிதில் உணராத நுணுக்கங்களை உதறிவிடுகிறது. நிழற்படத்துக்கு இது தகும். எழுத்தும் கோட்டுப் படமுமாயின் விளிம்பிற் கறை படியும்; அவற்றுக்கு எதையும் இழக்காத பி.என்.ஜி. முறை நன்று. ஜேபெக் கோப்பைப் பிரதி செய்வதால் நட்டமில்லை. திருத்தித் திருத்தி மீண்டும் சேமிக்குந்தோறும் சிறிது சிறிதாக உதிரும். நாமே ஒருமுறை கல்லூரி விழாப் படமொன்றைச் சிறிதாக்கி, மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிட்டு விழித்தோம்.

ஆகவே, அவனைத் துலக்கும் வேலையை விடுத்து மாமிக்கு எழுதச் சொன்னோம். அவரது பழைய அல்பத்தில் மூலப் படம் இருந்தது: மூன்றங்குல அகலம், நான்கங்குல உயரம். அதை ஸ்கேனரில் வைத்து, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் எடுத்து, செயலியிற் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புமாறு கேட்டுக்கொண்டோம். படமாக அனுப்பினாற் செயலி வழியிலேயே சுருக்கிவிடும். வந்து சேர்ந்த கோப்பில் 1800 க்கு 2400, அதாவது 4,320,000 கட்டங்கள். நெற்றியின் வீபூதிக் குறியும், சட்டைப் பையிற் செருகிய பேனாவின் மூடியும் தெளிவாகத் தெரிந்தன.

அக்கோப்பை எவரும் தொடாதவாறு ஈரிடத்தில் வைத்து, சிறுபிரதியொன்றைப் பக்கத்தில் ஏற்றினான். படம் திறவாத இடத்திலும், பார்வையற்றோரின் கருவி வாசித்துக் கூறும்போதும் பயன்படுமாறு, “வெள்ளை வேட்டியுடன் முற்றத்து வேம்பின் கீழ் நிற்கும் அப்பப்பா” என்று மாற்று வாசகமும் எழுதினான். வாசகத்தை அப்பம்மாவிடம் காட்டியபோது, அது வேம்பன்று, பூவரசு என்று திருத்தினாராம்.

அப்பம்மாவுக்கு இணையப் பக்கம் போதவில்லை. படத்தைக் கடதாசியில் அடித்துச் சட்டமிட்டுத் தரக் கேட்கிறார். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அடிப்பினும் எட்டங்குல உயரம் வரும். கூடத்துச் சுவருக்கு அது தாராளம்.