"ஒண்ணுமில்ல, விடுங்க!"

அன்பு மாணவர்களே, சொந்தங்களே,

காக்ளியர் கருவியை இயக்கி ஆறு வாரம் ஆகிறது. "லட்சக்கணக்கில் செலவு பண்ணியும் இன்னும் சரியா கேட்கலையா சார்?" என்கிறீர்கள். கேட்கிறது. புரியத்தான் நாளாகும். இயற்கையான காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. என் கருவியில் மின்முனைகள் வெறும் 22. அவற்றை வைத்து மூளை மறுபடி அரிச்சுவடி படிக்கிறது. குக்கர் விசிலும் பேத்தியின் சிரிப்பும் முதலில் ஒரே கீச்சொலிதான். போன வாரம்தான் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன.

கத்திப் பேசினால் சொல் தெளியாது. டிவியை நிறுத்தி, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். நான் "என்ன?" என்றால், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது என்னைச் சபையிலிருந்து எழுப்பி அனுப்புகிற சொல்.

நானும் பெரிய யோக்கியன் இல்லை. திருப்பிக் கேட்ட பையனை "காது செவிடா?" என்று வகுப்பே சிரிக்கக் கேட்டவன்தான். அவன் இதைப் படித்தால் மன்னிக்கட்டும்.

மற்றவர்களே, ஐந்தாம் முறை கேட்டாலும் திரும்பச் சொல்லுங்கள். வாய்ப்பாடு உங்களுக்கு அப்படித்தானே வந்தது?